வண்டிக்கு மை, மோட்டாருக்குத் தண்ணீர்

கொடுமுடியில் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களைக் கடந்து, சிவகிரிப் பக்கமாக மேட்டு நிலத்திற்குச் சென்றால் ஆழ்குழாய்க் கிணறுகளைக் காணலாம். நீரில் மூழ்கி ஓடும் மோட்டாரைக் குழாய்க்குள் இறக்குமுன் மெக்கானிக் ஒரு காரியம் செய்வார். மோட்டாரின் மேலுள்ள திருகைக் கழற்றி, உள்ளே சுத்தமான தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழிகள் முழுவதும் வெளியேறிய பிறகே மூடுவார்.

மின்சார மோட்டாருக்குள் தண்ணீரா என்று வியக்கிறீர்களா? இவ்வகை மோட்டாரின் கம்பிச் சுருள்களுக்கு நீர் புகாத பிளாஸ்டிக் உறை உண்டு. ஆகவே அபாயம் இல்லை. அந்தத் தண்ணீர் மோட்டாரைக் குளிர்விக்கிறது. எண்ணெய் செய்ய வேண்டிய வேலையையும் அதுவே செய்கிறது.

இதே ஊர்களில் மரச்சக்கர வண்டிகள் ஓடிய காலத்தில், வண்டிக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துக் கெட்டியான மை தயாரிப்பார்கள். அதைத்தான் இருசில் பூசுவார்கள். வண்டிச் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது; மோட்டாரோ சுமார் 2,900 முறை! மெதுவாகச் சுற்றுவதற்குக் கெட்டியான மை, வேகமாகச் சுற்றுவதற்கு வெறும் தண்ணீர். இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

விடை காண முதலில் உலோகப் பரப்பைக் கவனிப்போம். எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியில் அது மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரண்டு பரப்புகள் அழுந்தும்போது மேடுகளின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று தொடும். சுமை முழுவதும் அந்தச் சிறு நுனிகளின்மேல் விழுவதால் அவை ஒட்டிக்கொள்கின்றன, நகரும்போது பிய்கின்றன. பிய்க்கத் தேவைப்படும் விசை உராய்வு. பிய்ந்து போன துகள்கள் தேய்மானம். இடையே ஒரு திரவப் படலத்தைப் புகுத்திப் பரப்புகளைப் பிரித்துவிட்டால் இரண்டும் குறையும். இதுவே உயவு.

ஆனால் சுமை அழுத்தும்போது திரவம் பிதுங்கி வெளியேறிவிடாதா? இந்தப் புதிருக்கு விடை ரயில் வண்டியின் அச்சிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் 1883-ஆம் ஆண்டில் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார், அதுவும் நிற்கவில்லை! அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சுமையின் சராசரி அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகிய இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே எண்ணெய் ஆப்புப் போல் நுழைந்து, உயரும் அழுத்தத்தால் சுமையையே தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதனைக் கணித வாயிலாக விளக்கினார். மழையில் வேகமாகச் செல்லும் காரின் டயர், தேங்கிய நீரின்மேல் ஏறி வழுக்குவதும் இதே காரணத்தால்தான்.

படலம் உருவாக வேகம் வேண்டும். திரவத்திற்குப் பாகுநிலையும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்யலாம். 25° செல்சியஸில் விளக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப் போல் சுமார் 700 மடங்கு. மோட்டாரின் வேகம் மிகுதி. ஆகவே மெல்லிய தண்ணீரே போதுகிறது. எண்ணெயாக இருந்தால் அதைக் கலக்குவதிலேயே மின்சாரம் வீணாகும். வண்டியின் நிலைமை வேறு. கெட்டியான மை இருந்தும் முழுப் படலம் உருவாகும் வேகம் அதற்குக் கிடையாது. அங்கே விளக்கெண்ணெயின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது. அதன் கொழுப்பு அமில மூலக்கூறுகள் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, எளிதில் உரியாத மெல்லிய தோல் போல் நிற்கின்றன. கரி, சித்திரை வெயிலில் எண்ணெய் ஒழுகிவிடாமல் பிடித்து வைக்கிறது. இன்றைய கிரீஸும் ஏறக்குறைய இதுதான். கரிக்குப் பதில் சோப்பு, அவ்வளவே.

மோட்டாருக்கும் ஆபத்தான நேரம் உண்டு. நின்றிருக்கும்போது படலம் இல்லை. ஓடத் தொடங்கும் கணத்தில் பரப்புகள் உரசுகின்றன. அதனால்தான் தண்டின் சுமையைத் தாங்கும் இடத்தில், துருப்பிடிக்காத எஃகுக்கு எதிராகத் தானே வழுக்கும் தன்மையுள்ள கார்பனை வைக்கிறார்கள். மோட்டாரை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இந்தக் கார்பன்தான் தேயும்.

மணல் இன்னும் பெரிய பகை. நீர்ப் படலத்தின் தடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். மிகச் சிறிய மணல் பருக்கையோ 0.06 மில்லிமீட்டர் இருக்கும். மோட்டாரின் அடைப்பு தேய்ந்து ஒரு பருக்கை உள்ளே நுழைந்தாலும், படலத்தைத் துளைத்து இரு பரப்புகளையும் கீறும். கோடையில் கிணறு வற்றினால் மேலே உள்ள பம்பின் புஷ்களுக்கு வேறு துன்பம். பம்பு இறைக்கும் நீரே அவற்றுக்கு உயவு. நீர் நின்றதும் அவை உலர்ந்து சூடேறி, சில நிமிடங்களில் கெட்டுவிடக்கூடும். நீர் குறைந்ததும் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்கும் கருவியைப் பம்புப் பெட்டியில் பொருத்துவது இதற்காகத்தான்.