குளவி கொட்டினால் சுண்ணாம்பைத் தேடாதீர்கள்

என்னைக் குளவி கொட்டியது ஆறிவிட்டது. லயத்தில் வீணாய்ப் போன அந்த நேரம்தான் இன்னும் ஆறவில்லை.

இறப்பர் பால் வெட்டப் போன மலையிலிருந்து இறக்கி லயத்துக் காம்பராவில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி சுண்ணாம்பு தடவினாள், இன்னொருத்தி வெங்காயம் தேய்த்தாள், மச்சாள் தேத்தண்ணி ஊற்றினாள். கொட்டு விழாத வயிற்றிலும் தொடையிலும் தடிப்பு ஏறியது. உதடு வீங்கிக் குரல் கம்மியது. அப்போதும், "விஷம் இறங்குது, பொறு" என்றார்கள். சுவரைத் தட்டித் தட்டி த்ரீவீலைக் கூப்பிட வைத்தேன். பெரியவர்கள் பேச்சை மீறினேன் என்று இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். மீறியதால்தான் இதை எழுதுகிறேன்.

விஷம் ஊசி போட்டதுபோல் தோலுக்குக் கீழே போய்விடுகிறது. மேலே பூசும் சுண்ணாம்பு அதைத் தொடாது, தோலைத்தான் புண்ணாக்கும். மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், வாந்தி வந்தால், கொட்டாத இடத்திலும் தடித்தால் வேண்டியது அட்ரினலின் ஊசி. அதைத் தொடைச் சதையில் போடுவார்கள். எனக்குப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தொண்டை திறந்தது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். எங்கள் ருவான்வெல்லைப் பக்கத்தவர்களுக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரி கிட்டத்தில்.

நிறையக் கொட்டு வாங்கியவருக்கு மூச்சு நன்றாக இருந்தாலும் வீட்டில் வைக்காதீர்கள். விஷம் சதையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போவது அதற்கு அடையாளம்.

ஒன்றிரண்டு கொட்டு மட்டும் என்றால், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். நாம் குளவி என்று சொன்னாலும் கூட்டமாய் வருவது அநேகமாய் மலைத்தேனீதான். அதன் கொடுக்கு தோலிலேயே நின்று விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் நகத்தால் உடனே வழித்துவிடுங்கள். கொடுக்கிலிருந்து வரும் வாசம் மற்றதுகளையும் அழைக்கும். அதனால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள்.

இறப்பர் பால் உறைய விடும் அசிட் தெறித்த எரிச்சலுக்கும் சுண்ணாம்பு வேண்டாம். பீலித் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள், வேறெதுவும் பூச வேண்டாம். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவியதும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இறப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் மாசி, பங்குனியில் இலைக்காம்பில் தேன் சுரக்கும். தேனீ மொய்க்கும் காலம் அது. மரத்தையும் பாறையையும் அண்ணாந்து பார்த்தபிறகே கத்தியை எடுங்கள். கூடு இருக்கும் மலைக்கு உங்கள் பெயர் விழுந்தால், வேலை பிரிக்கும் பெரட்டிலேயே சொல்லுங்கள். எனக்குக் கொட்டு விழுந்த அன்று கூடு இருப்பதைச் சொல்லியும் என்னை அங்கேதான் அனுப்பினார்கள். இனி அரைநாள் சம்பளம்தான், அரைப்பேர் போடுவோம் என்று மிரட்டினாலும், கூட்டை எடுக்காமல் அந்த மலையில் நான் பால் வெட்ட மாட்டேன்.