கட்டிய பெட்டி எந்தப் படியில் நின்றது? அசெம்பிள் கணிப்பொறியில் மேக் ஓஎஸ்: பழுது காணும் முறை

இரண்டாமாண்டு மாணவி, மின்னணுவியல் துறை, சோளிங்கர்



நம்மில் பலருடைய வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், கம்பெனி சீல் பிரிக்காமல் வந்த கம்ப்யூட்டர் அல்ல. மதர்போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், கேபினட் செகண்ட் ஹேண்டில் என்று சேர்த்துக் கட்டியதுதான். சோளிங்கர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை பேசி, மடியில் வைத்துக் கொண்டு வந்தவர்களும் நம் வகுப்பில் உண்டு. இப்படிக் கட்டிய பெட்டியில் விண்டோஸ் போடுவோம், லினக்ஸ் போடுவோம். சிலர் ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸையும் ஓட்டுகிறார்கள். இந்த வகைப் பெட்டிக்கு உலகம் முழுக்க வழங்கும் பேர் ஹேக்கின்டாஷ்.

இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? இந்தப் பெட்டி நின்று போனால் போன் செய்து கேட்க ஒரு கஸ்டமர் கேர் கிடையாது. மதர்போர்டு கம்பெனிக்காரர் 'அது எங்கள் ஓஎஸ் இல்லை' என்பார். ஆப்பிள்காரர் 'அது எங்கள் பெட்டி இல்லை' என்பார். ஆக, பழுது பார்ப்பவனுக்குத் தன் கையும் மல்டிமீட்டரும் மூளையும்தான் துணை. பழுது காணும் கலையைப் படிக்க இதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

1. எப்படி வந்தது? எதுவரை வரும்?

2005-இல் ஆப்பிள் தன் கணிப்பொறிகளில் இன்டெல் பிராசசருக்கு மாறப் போவதாக அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வெளிவந்தது. நம் பெட்டியிலும் இன்டெல், மேக்கிலும் இன்டெல். அப்புறம் என்ன? ஆர்வக்காரர்கள் சாதாரணப் பெட்டியிலும் மேக் ஓஎஸ்ஸை எழுப்பிக் காட்டினார்கள். 2019 முதல் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் கிடைக்கிறது. 'நீ ஓடுவது மேக்கில்தான்' என்று ஓஎஸ்ஸுக்குக் காட்டுவது அதன் வேலை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மேக் ஓஎஸ்ஸின் உரிம விதிப்படி அதை ஆப்பிள் பெயர் தாங்கிய கணிப்பொறியில் மட்டுமே நிறுவலாம். அமெரிக்காவில் சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் 2008-இல் இப்படிப்பட்ட பெட்டிகளைக் கட்டி விற்றது. ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009-இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்து, விற்கத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே 'நானும் நாலு பெட்டி கட்டி விற்கிறேன்' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இந்தப் பாதை முடியவும் போகிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு கணிப்பொறிகளை வெளியிட்டது. 2025-இல் வந்த டாஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்றும் அறிவித்துவிட்டது. இன்டெல்லுக்கான புதுப் பதிப்பு நின்றால் நம் பெட்டிக்கான புதுப் பதிப்பும் நின்றதுதான். சரி, முடியப் போகிற ஒன்றை எதற்குப் படிப்பது? ஓஎஸ் போனாலும் முறை போகாது. கீழே சொல்லப் போவது அந்த முறையைத்தான்.

2. ஐந்து படிகள்

நம் ஊர் பெரிய மலைக்கு 1305 படி. ஏறப் போனவர் ஒருவர் உச்சிக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வோம்? உச்சியில் நின்றுகொண்டு கத்துவதில் பயன் இல்லை. அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு மண்டபமாகப் பார்த்துக்கொண்டே போனால், ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கணிப்பொறியும் அப்படித்தான். பவர் பட்டனை அழுத்தியது முதல் டெஸ்க்டாப் வருவது வரை படிப்படியாக ஏறுகிறது. 'ஓடலை' என்பது நோயின் பேர் அல்ல. 'இந்தப் படி வரை வந்தது, இதற்கு மேல் வரவில்லை' என்பதுதான் நோயின் பேர்.

முதல் படி: மின்சாரம். ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை என்றால் இங்கேதான் நிற்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஊதா ஒயரில் பெட்டி ஆஃபில் இருக்கும்போதும் 5 வோல்ட் நிற்க வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. அதில் நிறத்தை நம்பாமல் பின் இருக்கும் இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் நிற்கும்.

இரண்டாம் படி: போஸ்ட். ஃபேன் சுற்றுகிறது, திரையில் எழுத்து இல்லை. ராமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒரே ஒரு குச்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகத் திரையைக் கொடுங்கள். எத்தனை பீப், எந்த எல்இடி எரிகிறது என்று குறித்துக்கொண்டு மதர்போர்டு கையேட்டில் பாருங்கள்.

மூன்றாம் படி: பூட்லோடர். மதர்போர்டின் படம் வருகிறது, ஓப்பன்கோரின் பட்டியல் வரவில்லை. டிஸ்கின் தொடக்கத்தில் இஎஃப்ஐ என்ற சிறு பகுதி உண்டு, ஓப்பன்கோர் அங்கேதான் குடியிருக்கிறது. அந்த டிஸ்க் பயாஸ் பட்டியலில் தெரிகிறதா? பூட் வரிசை மாறிவிட்டதா? செக்யூர் பூட் தானாக ஆன் ஆகிவிட்டதா? இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

நான்காம் படி: கெர்னல். பட்டியல் வருகிறது, மேக்கைத் தேர்ந்தால் ஆப்பிள் படத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் புரியாது. ஓப்பன்கோரின் கான்ஃபிக் ஃபைலில் பூட் ஆர்க்ஸ் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடும் அதை ஒட்டி 'வி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், படத்துக்குப் பதில் வரி வரியாக எழுத்து ஓடும். நிற்கும் இடத்தில் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். 'எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்' என்ற வரியில் நின்றால் கெர்னல் கண் விழிக்கும் முன்னாலேயே தடுக்கிவிட்டது. பயாஸ் அமைப்பையும் ஓப்பன்கோரின் நினைவக அமைப்பையும் பாருங்கள். 'வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்று வந்தால் கெர்னல் எழுந்துவிட்டது, டிஸ்க்தான் கிடைக்கவில்லை; சாட்டா அமைப்பு ஏஎச்சிஐயில் இருக்கிறதா, யுஎஸ்பி போர்ட் சரியா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: டிரைவர். டெஸ்க்டாப் வந்தாச்சு, ஆனால் சத்தம் இல்லை, யுஎஸ்பி வேலை செய்யவில்லை. மேக் ஓஎஸ்ஸில் டிரைவருக்குக் கெக்ஸ்ட் என்று பேர். சத்தத்துக்கு ஆப்பிள்ஏஎல்சி என்ற கெக்ஸ்டும், நம் ஆடியோ சிப்புக்கு உரிய லேஅவுட் நம்பரும் வேண்டும். யுஎஸ்பியில் ஒரு கண்ட்ரோலருக்கு 15 போர்ட் என்பது மேக் ஓஎஸ்ஸின் எல்லை. நீலநிற யுஎஸ்பி 3 துளை ஒன்றை அது இரண்டு போர்ட்டாக எண்ணும். பார்க்க எட்டுத் துளை இருந்தாலும் கணக்கு 16 ஆகி ஒன்று விடுபடும். துளை கெட்டுப் போகவில்லை, கணக்கில்தான் வரவில்லை. எந்தத் துளை வேண்டும் என்று போர்ட் மேப் எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

இங்கே ஒரு பேதத்தை மனசில் வையுங்கள்: கோளாறு வேறு, பொருந்தாமை வேறு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் வகைக் கார்டுகளுக்கு 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பு வரைதான் டிரைவர் உண்டு. 2018-இல் வந்த மொஹாவே முதல் கிடையாது. ஜிடிஎக்ஸ் 1050 போட்டுவிட்டு மொஹாவேயில் திரை திக்குகிறது என்றால், ராத்திரி பூரா உட்கார்ந்தாலும் சரியாகாது. கார்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் ஒத்துப் போகாது, அவ்வளவுதான். இதைக் காசு கொடுக்கும் முன்னாலேயே பார்க்க வேண்டும்.

3. ஒரு கேஸ்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இப்படி ஒரு பெட்டி நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, ஆர்எக்ஸ் 580 கார்டு, மேக்குக்கு ஒரு டிஸ்க், விண்டோஸுக்கு ஒரு டிஸ்க். ஸ்டுடியோவை இரண்டு நாள் பூட்டி மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்து போட்டால் ஓப்பன்கோர் பட்டியல் வருகிறது, மேக்கைத் தொட்டால் நிற்கிறது. ஒருவர் பார்த்துவிட்டு 'மதர்போர்டு போச்சு, மாத்தணும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மாசம் முழுக்க முகூர்த்தம். மூன்று கல்யாண வீடியோ அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கல்யாணத்தைத் திரும்ப நடத்தி எடுக்க முடியுமா? ஸ்டுடியோ அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என் தாய்மாமா மூலம் தகவல் வர, நானும் வகுப்புத் தோழி ஒருத்தியும் மல்டிமீட்டரோடு போனோம்.

முதல் வேலையாக வீடியோ இருந்த டிஸ்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, எல்லாவற்றையும் காப்பி எடுத்தோம். பெட்டியைப் பிறகு பார்க்கலாம், பொருள் முதலில் பத்திரமாகட்டும்.

அடுத்து, அதே பெட்டியில் விண்டோஸைத் தேர்ந்தோம். சுணங்காமல் ஓடியது. இந்த ஒரு சோதனை பாதிக் கேள்வியைத் தீர்த்துவிட்டது. விண்டோஸ் ஓடுகிறது என்றால் மின்சாரம், ராம், பிராசசர், கிராபிக்ஸ் எல்லாம் ஏறக்குறைய சரி. மதர்போர்டு செத்திருந்தால் விண்டோஸ் மட்டும் எப்படி ஓடும்? ஆக, பழுது நான்காம் படியில்.

எழுத்து ஓட விட்டுப் பார்த்தோம். 'எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்' வரியில் நின்றது. ஓப்பன்கோர் ஃபைல்களை யாரும் தொடவில்லை என்று ஸ்டுடியோ அண்ணன் உறுதியாகச் சொன்னார். அப்படியானால் மாறியது எது? பயாஸுக்குள் போனோம். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது! விஷயம் பிடிபட்டுவிட்டது. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை அளந்தோம். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.3 காட்டியது. மெயின் ஆனில் இருந்தவரை எஸ்எம்பிஎஸ் தாங்கியது. இரண்டு நாள் மெயின் இல்லாததால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. மேக்குக்காக அணைத்து வைத்திருந்த சிஎஃப்ஜி லாக் மறுபடி ஆன் ஆகியிருந்தது. விண்டோஸுக்கு அது ஒரு பொருட்டல்ல, மேக்குக்கு அது வழியில் வைத்த கல்.

புதுப் பேட்டரி போட்டு, தேதி சரிசெய்து, சிஎஃப்ஜி லாக்கை அணைத்தோம். மேக் எழுந்தது. அதோடு கிளம்பவில்லை. ராத்திரி பூரா பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லி, மறுநாள் காலை போய்ப் போட்டுப் பார்த்தோம். தேதி மாறவில்லை, மேக்கும் வந்தது. இந்த ருசு கிடைத்த பிறகுதான் 'சரியாச்சுண்ணே' என்று சொன்னோம். ஆன செலவு ஒரு பேட்டரி.

4. கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

அ) முதலில் டேட்டாவைக் காப்பாற்று, அப்புறம் பெட்டியைத் தொடு.

ஆ) 'கடைசியாக எப்போ ஓடிச்சு? அதுக்கும் இப்போதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?' என்று கேள். வாடிக்கையாளர் வாயில் பாதி விடை இருக்கும்.

இ) ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ராம், பயாஸ், கெக்ஸ்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஈ) ஓடுகிற நிலையிலேயே பயாஸ் பக்கங்களைப் போட்டோ எடுத்து வை. இஎஃப்ஐ பகுதியை ஒரு பென்டிரைவில் காப்பி வை. புதுப் பதிப்புக்கு மாறும் முன் கட்டாயம் வை.

உ) பார்த்ததை நோட்டில் எழுது. எந்தப் படி, என்ன அளவு, என்ன மாற்றினேன், என்ன ஆனது. நாலு பத்தி போதும்.

5. முடிவுரை

என் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். ஒரு ஷூவில் தையல் பிரிந்து வந்தால் அங்கே யாரும் லைன் முழுவதையும் குறை சொல்வதில்லை. கட்டிங்கா, ஸ்டிச்சிங்கா, லாஸ்டிங்கா என்று பின்னோக்கிப் போய், எந்த டேபிளில் தப்பு நுழைந்தது என்று பார்ப்பார்களாம். பாலிடெக்னிக் வாசலை மிதிக்காத அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவள் நான். ஆனால் இந்தப் பாடத்தை முதலில் படித்தது நான் இல்லை.

நண்பர்களே! நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் மேக் ஓஎஸ் இருக்காது. எலெக்ட்ரானிக் தையல் மிஷின் இருக்கும், சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் பேனல் இருக்கும், ஆஸ்பத்திரி யுபிஎஸ் இருக்கும். அது நின்றால் கூடவே யாரோ ஒருவருடைய அன்றைய கூலியும் நிற்கும். 'மாத்திப் பாரு' என்பவன் அடுத்தவன் காசில் பரீட்சை எழுதுகிறான். 'அளந்து பாரு' என்பவன்தான் டெக்னீஷியன். பதறாத காரியம் சிதறாது. டிப்ளமோவோடு அந்த நிதானத்தையும் வாங்கிக்கொண்டு போவோம்.