ஊசியைக் கேட்டுவிட்டுக் கருவியை வாங்குங்கள்

டென்மார்க்கில் இசைத்தட்டுப் பிளேயர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், கோயிலிலும் கொண்டாட்டத்திலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "பழைய பியோகிராம் ஒன்று பார்த்து எடுங்கோ." பியோகிராம் செய்த பாங் அண்ட் ஒலுஃப்சன் 1925 இல் தொடங்கிய ஸ்ட்ருயர், ஹெர்னிங்கில் இருக்கும் எங்களுக்குக் காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஊர். யாக்கோப் யென்சன் வடிவமைத்த, 1972 இல் வந்த பியோகிராம் 4000 இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடும். யோசனை சொல்பவர்கள் யாரும் ஊசியைப் பற்றிப் பேசுவதில்லை. என் காசு போனது அதில்தான்.

நான் எடுத்தது 1980களின் பியோகிராம் ஆர்எக்ஸ் வரிசைக் கருவி. விற்றவர் தட்டைச் சுழலவிட்டார், கை தானாகவே எழும்பிப் போய் இறங்கியது. பாட்டு மட்டும் போட்டுக் காட்டவில்லை. "ஊசிதான் பழசு, புதுசுக்குச் சின்னக் காசு முடியும்" என்றார். வீட்டில் வைத்துப் பார்த்தபோது ஊசித்தண்டு ஒடிந்திருந்தது.

அந்தக் கருவிகளில் ஊசியைத் தாங்கும் எம்எம்சி கார்ட்ரிட்ஜில் ஊசியைத் தனியாகக் கழற்ற முடியாது. ஊசி போனால் கார்ட்ரிட்ஜ் முழுவதையும் மாற்ற வேண்டும். நிறுவனம் அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் சவுண்ட்ஸ்மித் மாற்றுச் சரக்குச் செய்கிறது. அங்கிருந்து எடுத்தால் 25 சதவீத மொம்ஸும் (விற்பனை வரி) சேரும். நான் கட்டிய தொகை பிளேயரின் விலையைத் தாண்டியது. கருவியில் எனக்குக் குறை இல்லை, அது அருமையான வேலைப்பாடு. விற்றவர் வீட்டில் விற்பனைக்கு இன்னும் பல பிளேயர்கள் அடுக்கியிருந்தன. அவ்வளவு வியாபாரம் செய்பவருக்கு இந்த விஷயம் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். "நீங்கள்தான் பார்த்து வாங்கியிருக்க வேணும்" என்று எனக்குச் சொன்ன உறவினர்களுக்கும் இதே பதில்தான்.

ஆகவே வழமையான அரை அங்குலப் பொருத்து உள்ள கருவியை எடுங்கள். அதில் பெரும்பாலான நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜை மாட்டலாம். 1918 இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஓர்ட்டோஃபோன் இன்று லோலண்ட் தீவின் நாக்ஸ்கோவில் கார்ட்ரிட்ஜ் செய்கிறது. அதன் ஓஎம் வரிசையில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு 5 ஆம் எண் ஊசியைக் கழற்றி 10 அல்லது 20 ஆம் எண் ஊசி போடலாம். 2எம் ரெட் உடலில் 2எம் புளூ ஊசி ஏறும். காசு சேரச் சேரத் தரத்தை உயர்த்தலாம். ஓஎம் 5இ பூட்டி வரும் புரோ-ஜெக்ட் ஈ1 கருவியே இப்போது என் வீட்டில் பாடுகிறது.

சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். 2எம் ரெட் தட்டில் 1.8 கிராம் பாரத்தில் உட்காரும். மலிவான சூட்கேஸ்களின் ஊசி 5 கிராம் வரையும் அழுத்தித் தட்டைத் தேய்க்கும். அப்பா கொழும்பில் வாங்கிவைத்த எல்பி இன்னொரு தடவை கிடைக்காது.

மற்றவை சுருக்கமாக: ஆம்பிளிஃபயரில் ஃபோனோ என்ற துளை இல்லாவிட்டால் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் தேவை, ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பழைய டேனிஷ் கருவிகளில் ஐந்து முள் டின் பிளக் இருக்கும், அதற்கு மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்க வேண்டும். றப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டின் வேகம் கெடும். வீட்டில் 78 வேகத் தட்டுகள் இருந்தால் அவற்றின் பள்ளம் அகலம்; தனி ஊசி வேண்டும்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இந்த ஊசிக்குப் பெயர் என்ன, புதிது எங்கே, என்ன விலை?" மூன்றுக்கும் பதில் வராவிட்டால், பாதி விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள்.