மூன்றாவது சர்வர் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

உன் அலுவலகத்தில் ஒற்றை சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கிளஸ்டராக மாற்றும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. “இன்னொரு சர்வர் வாங்கி ரெப்ளிகா போட்டால் போதும்தானே?” என்று கேட்டிருந்தாய். போதாது.

ரெப்ளிகா போடுவது சுலபம். 2010இல் வந்த 9.0 பதிப்பிலேயே ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வந்துவிட்டது. டேட்டாவில் செய்யும் மாற்றம் எதுவானாலும் முதலில் டபிள்யூ.ஏ.எல். என்ற பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவுகளை இரண்டாவது சர்வர் உடனுக்குடன் வாங்கித் தன்னிடமும் அதே மாற்றத்தைச் செய்துகொள்ளும். ஒரு பிற்பகலில் இதை அமைத்துவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். முதன்மை சர்வர் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். அது செத்துவிட்டதா, நடுவிலுள்ள நெட்வொர்க் அறுந்ததா? இரண்டாவது சர்வரால் இதை நிச்சயமாக அறியவே முடியாது. அவசரப்பட்டு அது முதன்மையாகிவிட்டால், ஒரே கடைக்கு இரண்டு கணக்கப்பிள்ளைகள் தனித்தனிப் பேரேடு எழுதிய கதையாகிவிடும். ‘ஸ்பிளிட் பிரெயின்’ என்று சொல்வது இதைத்தான். பிறகு அந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்குவதற்குள் உயிர் போய்விடும்.

அதனால்தான் மூன்றாவது சர்வர் வேண்டும். அதில் டேட்டா இருக்க வேண்டியதில்லை, வாக்களித்தால் போதும். மூன்று இடங்களிலும், வாக்கெடுத்து முடிவுசெய்யும் எட்சிடி என்ற மென்பொருள் ஓடட்டும். டேட்டா உள்ள சர்வர்களில், யார் முதன்மை என்பதைக் கவனித்துக்கொள்ளும் பட்ரோனியை வை. முதன்மை சர்வர் எட்சிடியில் ஒரு பூட்டை வைத்திருக்கும். இயல்பான அமைப்பில் அந்தப் பூட்டின் ஆயுள் 30 விநாடி. 10 விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பான்மையோடு தொடர்பு அறுந்து புதுப்பிக்க முடியாமல் போனால், முதன்மை தானாகவே பதவியை விட்டு இறங்கிவிடும். நான்கு வாக்காளர்கள் வைப்பதால் லாபமில்லை; மூன்றைப் போலவே ஒரு இழப்பைத்தான் தாங்கும். இரண்டு இழப்பைத் தாங்க ஐந்து வேண்டும். மூன்றையும் ஒரே ரேக்கில் அடுக்கிவிடாதே.

பெரும்பான்மை இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹபில் நெட்வொர்க் அறுந்தது வெறும் 43 விநாடிதான். அதற்குள் அவர்களுடைய மைஎஸ்கியூஎல் கிளஸ்டர்களின் முதன்மை, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. கிழக்கில் எழுதிய சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. நிலைமை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. ஆகவே ஒத்திசைந்த ரெப்ளிகேஷன் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவுசெய். அதில் ரெப்ளிகா ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லும்வரை ஒவ்வொரு கமிட்டும் காத்திருக்கும். வேகம் குறையும்; ஆனால் டேட்டா தொலையாது. எத்தனை விநாடி டேட்டா போனால் பரவாயில்லை என்பதை நீ தீர்மானிக்காதே. தொழிலை நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

மற்றவை சிறிய வேலைகள். இருக்கும் டேட்டாவை அழிக்காமலே பட்ரோனி ஏற்றுக்கொள்ளும். ஒரு ரீஸ்டார்ட் தேவைப்படும். அப்ளிகேஷனுக்கு முன்னால் ஹெச்ஏபிராக்ஸி வைத்தால், யார் முதன்மையோ அங்கே இணைப்பைத் திருப்பிவிடும். ரெப்ளிகா வாங்கும்வரை பதிவேட்டைப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை வைத்தால், அதற்கு வரம்பும் போடு. இல்லையென்றால், ரெப்ளிகா நின்றுபோன நாளில் பதிவேடு குவிந்து முதன்மையின் டிஸ்க்கே நிரம்பிவிடும்.

கிளஸ்டர் இருக்கிறது என்று பேக்கப்பை மட்டும் விட்டுவிடாதே. தவறாக அழித்த டேபிள் அடுத்த கணமே ரெப்ளிகாவிலும் அழிந்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ரெப்ளிகாவைச் சரிசெய்யும்போது, தவறுதலாக முதன்மை சர்வரின் டேட்டாவையே அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடியபோது வழக்கமான டம்ப் எடுப்பதே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேர டேட்டா போயிற்று. பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று கண்ணால் கண்ட பிறகே நம்பு.

கடைசியாக ஒன்று. பயனர்கள் வருவதற்கு முன்பே நீயே முதன்மை சர்வரைக் கொன்று பார். முதன்மையின் மின்சாரத்தை நிறுத்து. இன்னொரு நாள் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கு. எத்தனை விநாடியில் மீள்கிறது, அப்ளிகேஷன் தானாக மறுபடி இணைகிறதா என்று குறித்து வை. இந்தச் சோதனைகள் முடியும்வரை ‘கிளஸ்டர் தயார்’ என்று யாரிடமும் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணன்