துரை முதல் கூலி வரை: தோட்டப்புறச் சொற்களின் பொருள் மாற்றம்

சொற்களும் மனிதர்களைப் போலவே வாழ்வில் உயர்கின்றன, தாழ்கின்றன. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்ததை நாம் அறிவோம். மொழியியலார் இத்தகைய வீழ்ச்சியை இழிபொருட்பேறு என்பர். ஆங்கிலத்தில் பண்ணைக் குடியானவனைச் சுட்டிய சொல்தான் இன்று நம் திரைப்படங்களில் 'வில்லன்' ஆகி நிற்கிறது.

பேரா மாநிலத்து இரப்பர் தோட்டங்களிலும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. சுங்கை சிப்புட் பகுதித் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் கேட்ட நான்கினை இங்குக் காண்போம்.

துரை: தலைவனைக் குறித்த இச்சொல், தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகியைக் குறித்தது. 1957-க்குப் பின் உள்நாட்டவர் அப்பதவிக்கு வந்தபோது அவர்களும் துரைகளாயினர். இன்று ஈப்போவில் "பெரிய துரைன்னு நெனப்பு!" என்றால் அது கேலி.

கிராணி: தோட்டக் கணக்கர். ஆங்கிலம் கற்ற இவர்களில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். வங்காளத்தில் ஆங்கிலேயர் இச்சொல்லைத் திரித்து எழுத்தர்க்கும், பின்னர் கலப்பினத்தவர்க்கும் கொச்சையாக வழங்கினர். மலாய்மொழியில் இன்றும் 'கெரானி' எழுத்தரே. பொருள் நிலைத்தது, கல்வி பரவியதால் மதிப்பு இறங்கியது.

கங்காணி: 'கண்காணி'யின் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர். மலாயாவில், ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கியவர். 1938-இல் இந்திய அரசு விதித்த தடையால் ஆள்சேர்ப்பு முடிந்தது, மேற்பார்வை நீடித்தது. இன்று, கையைக் கட்டிக்கொண்டு அதிகாரம் மட்டும் செய்பவரைக் கங்காணி என்கிறோம்.

கூலி: திருக்குறளில் உழைப்பின் ஊதியம். ஆங்கிலேயர் வாயில் இதே ஒலி உழைப்பாளியின் பெயராயிற்று. அதன் மூலம் தமிழ்ச்சொல்லா, குஜராத்தின் 'கோலி' இனப்பெயரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் அனைவர்க்கும் வசையாயிற்று.

நான்கையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். மேலிருந்தவர் பெயர் இறங்கியபோது கேலியாயிற்று. கீழிருந்தவர் பெயர் இறங்கியபோது காயமாயிற்று. "அன்னைக்குக் கூலி வாங்கினேன்" என்று பாட்டி கூச்சமின்றிச் சொல்வார். "கூலிக்காரி" என்று பிறர் சொன்னால் முகம் சுளிப்பார். முன்னது அவர் ஈட்டியது. பின்னது அவர்மீது ஒட்டியது. அகராதியில் இவ்வேறுபாட்டைக் காண்பது அரிது.

தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த தலைமுறையும் குறைந்து வருகிறது. விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்களே, தாத்தா பாட்டியருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். சொல்லோடு, அதை யார், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பதையும் எழுதி வாருங்கள்.