படகு மோட்டாரின் சாய்வும் இயக்க விதியும்

கடலோரப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இயக்க விதிகளை நடத்தும்போது, ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாரையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மோட்டாரின் அடிப்பகுதியைச் சற்றே வெளிப்புறமாகச் சாய்த்தால், புரொப்பல்லர் நீரைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் தள்ளும். எதிர்விசை படகின் பின்புறத்தை அழுத்த, அணியம் உயரும். நீரில் உரசும் பரப்பு குறைந்து வேகம் கூடும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும், அணியம் துள்ளும், வேகம் குறையும். உட்புறமாக அதிகம் சாய்த்தாலோ அணியம் அமிழ்ந்து எரிபொருள் வீணாகும்.

10 பாகைச் சாய்வில் கொசைன் மதிப்பு 0.98; முன்னோக்கு விசையில் இழப்பு ஏறத்தாழ 2 விழுக்காடே. “பிறகு வேகம் ஏன் இவ்வளவு மாறுகிறது?” என்று மாணவர்களிடம் கேளுங்கள். சைன் மதிப்பு 0.17, படகின் நிலையை மாற்றுவது அந்தச் செங்குத்து விசைதான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கைப்பழக்கத்தில் அறிந்ததைக் கணக்காகவும் சொல்லும்போது, இயற்பியல் அவர்களுக்கும் சொந்தமாகிறது.