கோலம் போட்ட கைக்குப் படம் வரைய வராதா?



இந்த மாதப் பாடம் சேமிப்பும் இல்லை, உள்கடனும் இல்லை. படம் வரைவதைப் பற்றியது. "இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேலையாச்சே, நமக்கெதுக்கு?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க.

நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "எனக்கு ஒண்ணும் வராதுங்க" என்பதுதான். தீர்மானம் எழுதச் சொன்னா வராது, பேங்க் மேனேஜரிடம் பேசச் சொன்னா வராது. அதே அக்கா மார்கழி மாசத்தில் இருட்டோடு எழுந்து, 21 புள்ளி வைத்து, ஊடுபுள்ளி தப்பாமல் சிக்குக் கோலத்தை இழுத்து முடிப்பார். அளவுகோல் கிடையாது, அழிரப்பர் கிடையாது. அந்தக் கைக்கு ஒண்ணும் வராதா?

நிறம் விஷயத்திலும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காஞ்சிபுரத்துத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க நாம. அரக்கு வேறு, குங்குமச் சிவப்பு வேறு, மயில் கழுத்து நிறம் வேறு என்று தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவோம். மாம்பழ மஞ்சளுக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்! சேலையில் இருக்கிற மயிலும் அன்னமும் யாளியும்கூட முதலில் கட்டம் போட்ட தாளில் யாரோ உட்கார்ந்து வரைந்த படங்கள்தான்.

ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுவோம். நம்ம கூரத்தில் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரத்துச் செப்பேடு வரலாறு படிப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பரமேசுவரவர்மனுக்கு முன்னோரான முதலாம் மகேந்திரவர்மனுக்கு இருந்த பட்டப் பெயர்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களில் புலி என்று அர்த்தம். நாட்டை ஆண்டவருக்கே அந்தப் பெயரில் ஒரு பெருமை இருந்திருக்கிறது பாருங்க! அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது கைலாசநாதர் கோயிலுக்குப் போய், சுற்றுச் சுவர் ஓரம் இருக்கும் சின்னச் சின்ன அறைகளை எட்டிப் பாருங்க. சுண்ணாம்புப் பூச்சின் மேல் பல்லவர் கால வண்ணம் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில இடத்தில் நிறம் போய் கோடு மட்டும் நிற்கிறது. தொடாமல் பார்க்க வேண்டும்.

சரி, நம்மைப் போன்ற பெண்கள் யாராவது வரைந்திருக்கிறார்களா? இருக்கிறார்கள். பீகார் மாநிலம் மதுபனி பக்கத்தில் ராந்தி என்று ஒரு கிராமம். அங்கே மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் துலாரி தேவி. சின்ன வயசிலேயே கல்யாணம். பிறந்த குழந்தை இறந்து, தாய் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். பிழைப்புக்கு வீட்டு வேலை செய்தார். அவர் வேலை பார்த்த வீட்டில் பேர் பெற்ற மதுபனி ஓவியர்கள் இருந்தார்கள். அவர்கள் வரைவதைப் பெருக்கிக்கொண்டே பார்ப்பார். தன் வீட்டுக்கு வந்ததும் மண் தரையை மெழுகி, குச்சியால் அதே போல் கீறிப் பார்ப்பார். காகிதம் வாங்கக் காசு ஏது? பிறகு அந்த வீட்டுப் பெண்களே கற்றுக்கொடுத்தார்கள். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 பட்ஜெட் நாளில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கட்டிய சேலை, துலாரி தேவி பரிசாகக் கொடுத்தது.

இன்னொருவர் மத்தியப் பிரதேசத்து ஜோதையா பாய். பைகா பழங்குடியைச் சேர்ந்தவர். கணவர் போன பிறகு கூலி வேலை செய்தும் விறகு விற்றும் பிள்ளைகளை வளர்த்தவர். அவர் தூரிகை பிடித்தது ஏறக்குறைய 70 வயசில்! 2023-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. 2024-ல் காலமானார். விருதுக்காக இவர்களைச் சொல்லவில்லை. விருது எல்லாருக்கும் வராது. குச்சியால் தரையில் கீறின நாளிலேயே துலாரி தேவிக்கு ஏதோ கிடைத்திருக்கிறது, இல்லையென்றால் மறுநாளும் கீறியிருப்பாரா?

மனசுக்கு என்ன கிடைக்கிறது என்று அமெரிக்காவில் 39 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. 45 நிமிஷம் வரைவது, களிமண்ணில் செய்வது என்று ஈடுபட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தின் போது உடம்பில் கூடுகிற கார்டிசால் என்ற சுரப்பு குறைந்திருந்தது. முன்னே பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை. சின்னச் சோதனைதான். ஆனாலும் வரையத் தெரியாதவங்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது என்பதைக் கவனியுங்க.

வாங்க, ஆரம்பிப்போம். ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில், 12 நிறம் உள்ள தண்ணீர் வண்ணக் கட்டிப் பெட்டி, சின்னது ஒன்றும் நடுத்தரம் ஒன்றுமாக இரண்டு தூரிகை. பிள்ளைகளின் பழைய பெட்டி இருந்தால் அதுவே போதும். இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்க. ஒன்று தூரிகை கழுவ, இன்னொன்று நிறம் கலக்க. (டீ கிளாஸைப் பக்கத்தில் வைக்காதீங்க. தூரிகை அதில்தான் போகும்!)

முதல் நாளே சாமி படமோ நடிகர் படமோ வேண்டாம். முகம் கோணிப்போனால் மனசு விட்டுப்போகும். ஒரு கத்தரிக்காயை எடுத்து ஜன்னல் பக்கம் வையுங்க. இரண்டு நிமிஷம் சும்மா பாருங்க. தினமும் நறுக்குகிற காய்தான், ஆனாலும் அதன் காம்பு எப்படி வளைந்திருக்கிறது, வெளிச்சம் எந்த இடத்தில் பளிச்சென்று விழுகிறது என்று அன்றைக்குத்தான் பார்ப்பீங்க. பென்சிலை அழுத்தாமல் பெரிதாக வரையுங்க. நம்மவர்கள் எல்லாரும் முதலில் தாளின் மூலையில் சுண்டைக்காய் அளவுக்குத்தான் வரைவார்கள். கூச்சம்! தாள் முழுக்க வரட்டும்.

சிவப்பும் நீலமும் கலந்தால் கத்தரி நிறம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் காம்புக்குப் பச்சை. வெளிச்சம் விழுகிற இடத்தைப் பூசாமல் வெள்ளையாகவே விடணும். தண்ணீர் வண்ணத்தில் பின்னால் வெள்ளையைக் கொண்டு வருவது கஷ்டம். முதலில் தண்ணியாக ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு நிழல் பக்கம் மட்டும் கெட்டியாக இன்னொரு பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் நிறம் ஓடும். ஓடினால் ஓடட்டும், சில சமயம் அதுவே அழகாக வந்துவிடும். கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. கிழிக்காதீங்க. பத்தாவது கத்தரிக்காய் வரைந்த பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணும் இல்லையா?

உடனே ஒரு கேள்வி வரும்: "இதை விக்கலாமா? லோன் கிடைக்குமா?" எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். இதற்குக் கடன் வாங்க வேண்டாம். ஆடு, தையல் மிஷின், கடை என்று நாம் தொடுவதெல்லாம் ரூபாய்க் கணக்கில்தான் போகிறது. அது வேண்டியதுதான். அரை மணி நேரம் கணக்கு எழுதாத ஒரு வேலையும் நமக்கு இருக்கட்டுமே. பின்னால் யாராவது விலை கேட்டால், அப்போது குழுவில் பேசிக்கொள்வோம்.

வீட்டில் கேலி பேசுவாங்க, அது நிச்சயம். "வயசான காலத்துல படம் வரையறாளாம்" என்று மாமியாரோ வீட்டுக்காரரோ சொல்வாங்க. சண்டை போடாதீங்க. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ ஒண்ணு வரை, நான் ஒண்ணு வரையறேன்" என்று ஆரம்பியுங்க. நேரம் இல்லை என்பவர்கள், சீரியலில் விளம்பரம் ஓடுகிற நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்க!

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு படம் கொண்டு வாங்க. அடுப்பங்கரையில் இருக்கிற எந்தச் சாமானாக இருந்தாலும் சரி. சந்தா வசூலும் கடன் தவணையும் முடிந்ததும் எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பி வைப்போம். யாருக்கும் மார்க் கிடையாது, பரிசும் கிடையாது. காத்துல பறக்காம இருக்க, ஆளுக்கொரு கூழாங்கல்லும் கையோடு எடுத்துட்டு வந்துடுங்க.